டேங்கி வரைக்கும் தூங்க வேண்டும்

என் மகள் போனதற்குப் பிறகு அவளுடைய லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. அதைத் தூங்க வைக்கவும் எழுப்பவும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அதில் ஒன்றும் தெரியாது. ஒரு எழுத்து அடிக்கக்கூடத் தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள், "இத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீங்க, படிக்கிற புள்ள யாருக்காச்சும் குடுக்கலாமே" என்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு, தேத்தண்ணி போடுகிறேன் என்று உள்ளே போய்விடுவேன். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாய் திறக்க முடியாததைக் கொப்பியில் எழுதிவிடலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டம் அக்கரப்பத்தனையைத் தாண்டி டயகம போகிற பாதையில் இருக்கிறது. ஒட்டிக் கட்டிய காம்பரா வீடுகளின் வரிசையான எங்கள் லயம் பள்ளத்தில். மூன்று பக்கமும் தேயிலை மலை, ஒரு பக்கம் ஆறு. மேலே ஐந்தாம் நம்பர் மலையின் உச்சியில் தண்ணி டேங்கி ஒன்று உண்டு. போன் சிக்னல் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். லயத்தில் நின்று போன் பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் இருக்கிறவர்கள் எல்லாரும் டேங்கிக்கு ஏறித்தான் பேசுவார்கள். அழுவதும் சண்டை போடுவதும் அங்கேதான்.

அவள் என் கடைசிப் பிள்ளை. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். வளர்ந்த பிறகும் லயமே அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. படித்து முடித்துக் கொழும்புக்குப் போனாள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் புத்தகம் போடுகிற ஒரு இடத்தில் பக்கம் அமைக்கிற வேலை. எந்தக் கேள்வி எங்கே வரவேண்டும், படம் எங்கே, பிள்ளைகள் விடை எழுதக் கோடு எத்தனை விடவேண்டும், இதெல்லாம் அவள் பார்க்கிற வேலை. "கோடு நெருக்கமா இருந்தா சின்னப் புள்ளைங்க எழுதமாட்டாங்கம்மா, பயந்துருவாங்க" என்பாள்.

பிறகு இரத்தத்தில் நோய் வந்தது. கண்டிக்கும் கொழும்புக்கும் அலைந்தோம். கடைசியில் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அவள் ஆபீசில் நோயைச் சொல்லவில்லை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"ஏன் புள்ள, உண்மையச் சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"சொன்னா பாவம் பாப்பாங்கம்மா. ரெஸ்ட் எடு, ரெஸ்ட் எடுன்னு சொல்லி வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. அப்பறம் நான் யாரு? இந்தக் கட்டில்ல கெடக்குற நோயாளி, அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்த வேலை அவள் கையை விட்டுப் போகக்கூடாது, எனக்கு அது மட்டும்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. மருந்துகூட அதற்கு அடுத்தபடிதான்.

வேலையைச் செய்ய அவளால் முடிந்தது. தலையணையைச் சுவரில் சாய்த்து, மடியில் பலகை வைத்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்துச் செய்வாள். செய்ததை அனுப்பத்தான் வழியில்லை. டேங்கிக்கு ஏற அவள் காலில் பலமில்லை. அதனால் நான் ஏறினேன்.

அந்த லேப்டாப் ஏற்கெனவே யாரோ பாவித்து விற்றது. அதில் எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸ் இல்லை, லினக்ஸ். கூட வேலை செய்த ஒரு தோழி போட்டுக் கொடுத்திருக்கிறாள். மூடியில் ஒரு பென்குவின் படம் ஒட்டியிருக்கும். வைரஸ் வராது, பழைய மெஷினிலும் நன்றாக ஓடும் என்று பாப்பா அதைப் புகழுவாள். அதில் இருந்த ஒரே குறை அதன் தூக்கம்தான்.

அதை நிறுத்திவிட்டு மேலே கொண்டுபோய்த் திரும்பவும் போட்டால் என்ன என்று ஆரம்பத்தில் நானே கேட்டேன். நிறுத்தினால், திரும்பப் போடும்போது பாஸ்வேர்ட் அடிக்கவேண்டும், எது எதையோ திறக்கவேண்டும். அது என்னால் ஆகாது. தூங்க வைத்துக் கொண்டுபோனால் அப்படி இல்லை. அவள் எல்லாவற்றையும் திறந்து, அனுப்பவேண்டியதை அனுப்பு என்று அழுத்தியும் வைத்திருப்பாள். மேலே போய் நான் மூடியைத் திறந்து, இன்டர்நெட் தருகிற டொங்கலைச் சொருகினால் போதும். சிக்னல் கிடைத்ததும் அதுவே அனுப்பிவிடும். ஆகவே லயத்திலிருந்து டேங்கி வரைக்கும் அது தூங்க வேண்டும். டேங்கியில் எழும்ப வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"இங்க பாருங்கம்மா. மேல மூலையில இத அமுக்கினா இப்பிடித் தொறக்கும். அதுல பிறை நிலா படம் இருக்கா? அத அமுக்குங்க."

"நான் அமுக்கி ஏதாச்சும் ஆயிட்டா?"

"நிலாவ அமுக்கினா தூங்கும். வேற ஒண்ணும் ஆகாது. அமுக்குங்க."

அமுக்கினேன். திரை இருண்டது. மூடினேன். எங்கள் குளிர் தெரியாதவர்களுக்கு அடுத்து நான் செய்தது சிரிப்பாக இருக்கும். மழைக்கும் பனிக்கும் ஈரம் ஏறாமல் எதையும் சுற்றித்தான் வைப்போம், சுற்றித்தான் தூக்குவோம். பிள்ளையானாலும் ரேடியோவானாலும் அப்படித்தான். நான் லேப்டாப்பைப் பழைய கம்பளியால் இரண்டு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் மழைக்குக் கட்டுகிற பொலித்தீனால் மூடி, என் கொழுந்துக் கூடைக்குள் இறக்கி, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஏறினேன். கையில் பிடித்துக்கொண்டு போனால் வழுக்கி விழுந்துவிடுவேன். முதுகில் கூடை இருந்தால் என் கால் வழுக்காது.

ஐந்தாம் நம்பரில் அன்றைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பென்சன் எடுத்தவள் கூடையோடு வருவதைப் பார்த்ததும் பெண்களுக்குக் கொண்டாட்டம்.

"என்னா மயினி, கணக்கப்பிள்ள திரும்பவும் வேலைக்குப் பேரு போட்டுட்டாரா?"

"பேரு போடல. அவுங்க கூடையில கம்பியூட்டர் கொழுந்து இருக்கு."

"அது கிலோ எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க மயினி, நாங்களும் அதையே எடுக்குறோம்!"

கங்காணி கீழே நின்று, "அந்தக் கூடையையும் தராசுல போட்டுப் பாத்துட்டு விடுங்க" என்று சத்தம் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு போனேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பாப்பாவின் நோய் அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சிரித்தார்கள்.

டேங்கியில் போய்ச் சுற்றியதை அவிழ்த்தபோது கம்பளி சுட்டது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லைப் போல லேப்டாப் கொதித்தது. திறந்தேன், இருட்டு. எதை அமுக்கினாலும் ஒன்றும் வரவில்லை. பேட்டரியில் கரண்ட் தீர்ந்து அணைந்துபோயிருந்தது. இறங்கி வந்து அவளிடம் கொடுத்தேன். அவள் கையை வைத்துப் பார்த்தாள்.

"இது தூங்கவே இல்லம்மா. கூடைக்குள்ள முழிச்சுக்கிட்டே வந்திருக்கு."

"கம்பளி சுத்தினதாலயா?"

"முழிச்சிருந்த ஒண்ணக் கம்பளி போத்தி வச்சா வேகாம என்ன செய்யும்? உங்க மேல தப்பில்ல. தூங்கியிருந்தா கம்பளி ஒண்ணும் செய்யாது."

அன்றைக்கு அனுப்பவேண்டிய பாடம் போகவில்லை. மறுநாள் பக்கத்து லயத்துப் பையன் ஏறிப் போகும்போது அவனிடம் போனைக் கொடுத்து, லேட் ஆகும் என்று ஆபீசுக்கு மெசேஜ் அனுப்பினாள். அவர்கள் ஒன்றும் கடிந்து சொல்லவில்லையாம். ஆனால் அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அது ஏன் தூங்கவில்லை என்று கண்டுபிடிக்கத் தொடங்கினாள். தன்னைப்போல லினக்ஸ் வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்கக் கேள்வி கேட்டுப் பதில் எழுதி வைத்திருப்பார்களாம். போனை என்னிடம் கொடுத்து டேங்கிக்கு அனுப்புவாள். நான் அங்கே போய், அவள் திறந்து வைத்த பக்கங்கள் நிறைந்து வரும்வரை காத்திருந்து, கொண்டுவந்து கொடுப்பேன். அவள் படுத்தபடியே வாசிப்பாள். இங்கிலீஷில் இருப்பதை எனக்கும் புரிகிற மாதிரிச் சொல்லுவாள். எனக்குச் சொன்னால் அவளுக்கும் தெளிவாகிறது என்பாள்.

முதலில் அகப்பட்டது மவுஸ். வயர் இல்லாத மவுஸுக்கு ஒரு சின்னக் கட்டை இருக்கும், லேப்டாப்பின் பக்கத்தில் சொருகியிருப்பாள். மவுஸையும் கூடைக்குள்தான் நான் போட்டுக்கொண்டு போனேன், ஈரம் படாமல் இருக்கட்டும் என்று. நான் நடக்க நடக்க மவுஸ் ஆடும். மவுஸ் ஆடினால் ஆள் வந்துவிட்டது என்று நினைத்து லேப்டாப் எழும்பிவிடும்.

"நீங்க ஒவ்வொரு அடி வைக்கையிலயும் அதத் தட்டித் தட்டி எழுப்பிக்கிட்டே போயிருக்கீங்கம்மா" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன். அந்தக் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

ஆனாலும் முழுதாகச் சரியாகவில்லை. அடுத்த தடவை கொதிக்கவில்லை, வெதுவெதுப்பாக இருந்தது. பாடம் போனது. ஆனால் பேட்டரி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. இப்படியே போனால், ஒரு மழைநாளில் நான் வழியில் ஒதுங்கி நின்றால் தாங்காது என்று அவள் கணக்குப் போட்டாள்.

"இதுக்கு ரெண்டு தூக்கம் இருக்கும்மா. ஒண்ணு கோழித்தூக்கம். திரையை மட்டும் அணைச்சுட்டு உள்ளுக்குள்ள முழிச்சிருக்கும். இன்னொண்ணு நல்ல தூக்கம். எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு, எங்க விட்டோம்கிற ஞாபகத்த மட்டும் வச்சுக்கிட்டுத் தூங்கும். நம்ம மெஷினுக்கு ரெண்டும் தெரியும். ஆனா நிலாவ அமுக்கினா கோழித்தூக்கத்துக்குத்தான் போகுது."

"நல்ல தூக்கத்துக்குப் போகச் சொல்ல முடியாதா?"

"சொல்லலாம். ஒரு வரி எழுதிச் சொல்லணும்."

கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து எழுதினாள். எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிபார்த்தாள். பிறகு அதை நிறுத்தித் திரும்பப் போட்டு, நிலாவை அமுக்கினாள். "அடியில கை வச்சுப் பாருங்கம்மா" என்றாள். வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடிப்பக்கம் ஆறியது. பிறகு எங்கள் சிமெந்துத் தரையைப் போலக் குளிர்ந்தது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

"தூங்கிருச்சு" என்று நான் மெதுவாகச் சொன்னேன். உரக்கச் சொன்னால் எழும்பிவிடும் என்பதுபோல.

அந்த நாட்களில் அவளுக்கே தூக்கம் போய்விட்டிருந்தது. எலும்புக்குள் வலி. சாய்ந்தால் ஒரு வலி, நிமிர்ந்தால் ஒரு வலி. மூடிக்கிடந்த லேப்டாப்பைப் பார்த்து, "அதுக்காவது வருதே" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆனால் நல்ல தூக்கத்துக்குப் போன லேப்டாப் எழும்ப மறுத்தது. எல்லாத் தடவையும் இல்லை. இரண்டு தடவை ஒழுங்காக எழும்பும், அடுத்த தடவை எழும்பாது. எழும்பாவிட்டால், உள்ளே காற்றாடி சுற்றும், விளக்கு எரியும், திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். பட்டனை நீட்டி அமுக்கி அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அணைத்தால், திறந்திருந்ததில் பத்திரப்படுத்தாதது போய்விடும். ஒருநாள் காலையிலிருந்து செய்த முழுப் பாடம் அப்படிப் போனது. நான்காம் வகுப்புச் சுற்றாடல் பாடம். வலியைப் பொறுத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பூவாக ஒவ்வொரு இலையாக இடம் பார்த்து வைத்தாள். அசதியில் பத்திரப்படுத்த மறந்து நிலாவை அமுக்கிவிட்டாள். சாப்பிட்ட பிறகு திறந்தால் கறுப்பு.

அவள் அழவில்லை. மூடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "தலகாணிய நிமித்தி வைங்கம்மா" என்றாள். திரும்பவும் முதல் பூவிலிருந்து தொடங்கினாள். நான் அவள் காலை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் புள்ள, படு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. நாளைக்கு என்ற பேச்சை நாங்கள் அந்த வீட்டில் நிறுத்தியிருந்தோம்.

அதற்கும் ஒரு மருந்து கண்டுபிடித்தாள். லினக்ஸுக்கு உள்ளே அடித்தளமாக ஒன்று ஓடுமாம், எங்களுடையது பழசாம். புதியதில் இந்த எழும்பாத வியாதியைச் சரிசெய்திருக்கிறார்களாம். ஆனால் அது பெரியது. டேங்கிச் சிக்னலில் இறக்க முடியாது. டவுனில் நல்ல இன்டர்நெட் லைன் உள்ள கடைக்குக் கொண்டுபோகவேண்டும். லைனில் மாட்டினால் அதுவே இறக்கிவைத்துக்கொள்ளும்படி செய்து வைத்திருக்கிறாள். மீதியை வீட்டில் அவள் செய்வாள்.

"கடைக்காரர் வேற எது செய்றேன்னு சொன்னாலும் வேணாம்னு சொல்லிடுங்க. கையில இருந்து விட்டுராதீங்கம்மா."

நான் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். போன் திருத்துகிற, போட்டோ கொப்பி எடுக்கிற கடை. முஸ்லிம் ஒருவர் நடத்துகிறார். அவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும், ஆனால் எல்லாரும் அவரை நானா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கதவோரம் நின்றேன். கடையில் இருந்த ஆட்கள் எல்லாரும் போகட்டும் என்று நின்றேன். அவர்தான் கூப்பிட்டார்.

"என்னம்மா, மழைக்கு ஒதுங்கினீங்களா, வேல ஏதும் இருக்கா?"

லேப்டாப்பை வெளியே எடுத்தேன். அவர் மூடியைப் பார்த்தார்.

"அட, பென்குவினா! இது யாருட?"

"புள்ளயோடது. இது... லைன்ல மாட்டணும். அதுவே இறக்கிக்கும்."

"எதுக்கு?"

"தூங்கினா எழும்ப மாட்டேங்குது."

கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "எங்க வீட்லயும் ஒருத்தன் அப்பிடித்தான் இருக்கான், அவனையும் லைன்ல மாட்டி விடுங்க நானா" என்றார். எனக்குக் காது சுட்டது.

நானா சிரிக்காமல் சொன்னார்: "அம்மா, இதுக்கு நான் விண்டோஸ் போட்டுத் தாரேன். இந்தத் தொல்ல எல்லாம் இரிக்காது. மத்தியானம் வந்து எடுத்துட்டுப் போங்க."

"போட்டா உள்ள இருக்குறது?"

"உள்ள இருக்குறது அழிஞ்சிடும். புதுசு மாதிரி ஆகிடும்."

நல்ல மனதோடுதான் சொன்னார். கையையும் நீட்டினார். நான் லேப்டாப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அதற்குள் அவள் திரும்ப வைத்த பூக்கள் எல்லாம் இருந்தன.

"வேணாம்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அழிக்க வேணாம். புள்ள ஒடம்பு முடியாமக் கெடக்கு. கெடந்துக்கிட்டே செஞ்ச வேல உள்ள இருக்கு. லைன்ல மட்டும் மாட்டுங்க. மாட்ட மாட்டீங்கன்னா நான் போறேன்."

கடையில் யாரும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. நானா மேசையிலிருந்த சாமான்களை ஒதுக்கி இடம் செய்தார். "நீங்களே வைங்கம்மா, நான் தொட மாட்டேன். வயர மட்டும் தாரேன்" என்றார். உட்கார ஒரு கதிரையும் போட்டார். அவள் காட்டிக் கொடுத்த இடத்தை நான் அமுக்கினேன். கோடு ஒன்று நகர்ந்து நகர்ந்து நிறைந்தது. அவர் எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்துக் கொடுத்தார். கிளம்பும்போது, "புள்ளைக்குச் சொகமாகட்டும், துஆ செய்றேன்" என்றார்.

அதோடு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று நம்ப எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அவள் சும்மாவே நிலாவை அமுக்கித் தூங்க வைப்பாள், எழுப்புவாள், திரும்பத் தூங்க வைப்பாள். ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலேயே வந்து நின்றது. மழையில் நான் பாதி வழியில் நின்றுவிட்டு ஏறினாலும் குளிர்ந்தே இருக்கும், திறந்ததும் எழும்பும். நான் திரும்பவும் கம்பளியைச் சுற்றத் தொடங்கினேன். அவள் தடுக்கவில்லை. ஆபீசிலிருந்து அவளுக்குக் கூடுதல் வேலை வந்தது. நேரத்துக்கு அனுப்புகிறாள் என்று பாராட்டினார்களாம். அதை வாசித்துக் காட்டும்போது அவள் முகம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய அன்று இருந்த முகம்.

லேப்டாப் குணமாகிக்கொண்டு வந்தது. அவள் கரைந்துகொண்டு போனாள். இரண்டும் ஒரே கட்டிலில் நடந்தது.

கடைசியாக அவள் செய்தது ஐந்தாம் வகுப்புப் புத்தகம். நிமிர்ந்து உட்கார முடியாமல், ஒருக்களித்துப் படுத்து ஒரு கையால் செய்தாள். ஒரு காலையில், எல்லாப் பக்கமும் முடிந்தது என்றாள். அனுப்பு என்று அழுத்தி, நிலாவையும் அவளே அமுக்கினாள். வெளியே பெருமழை. "மழை விட்டதும் போங்கம்மா, அவசரமில்ல" என்றாள். மழை அன்றைக்கு விடவில்லை. மறுநாள் விடிந்து, நான் அவளுக்கு முகம் துடைக்கச் சுடுதண்ணி எடுத்துக்கொண்டு வந்தபோது வெயில் வந்திருந்தது. அவள் போயிருந்தாள். இவ்வளவுதான் அதைப் பற்றி என்னால் எழுத முடியும்.

வீடு நிறைய ஆட்கள். கொழும்பிலிருந்து மூத்தவன் வந்தான். எடுத்துக்கொண்டு போனார்கள். லேப்டாப்பை யாரோ எடுத்து அலுமாரி மேல் வைத்திருந்தார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். உள்ளே அவள் அழுத்திவிட்டுப் போன புத்தகம், டேங்கி வரைக்கும் போகவேண்டியது, போகாமல் கிடந்தது. கரண்ட் தீர்ந்து அது அணைந்துவிட்டால் திரும்பத் திறக்கிற பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. என்னிடம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கருமாதி முடியாமல் வீட்டைவிட்டு வெளியே போகக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதிலும் பெற்றவள். நான் கூடையை எடுத்ததைப் பார்த்துப் பக்கத்துக் காம்பராவிலிருந்து என் மயினி, செத்துப்போன என் வீட்டுக்காரரின் தங்கச்சி, ஓடி வந்தாள்.

"என்னா செய்றீங்க மயினி? ஊரு என்ன சொல்லும்? இன்னும் காரியம் ஆகல!"

"பாப்பா வேல ஒண்ணு இருக்கு."

"இனி அவளுக்கு என்னா வேல?"

நான் அலுமாரி மேலிருந்து லேப்டாப்பை எடுத்தேன். கம்பளியைச் சுற்றினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பொலித்தீனை எடுத்து வந்து அவளே மேலால் மூடிவிட்டாள்.

மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நிரையில் நின்றவர்கள் செடியோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் ஏதாவது சொல்லிச் சிரிக்கமாட்டார்களா என்று இருந்தது.

டேங்கியடியில் உட்கார்ந்து அவிழ்த்தேன். குளிர்ந்திருந்தது. திறந்தேன். கண்மூடி முழிப்பதற்குள் எழும்பியது. அவள் விட்ட இடத்தில், ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகள் விடை எழுதுகிற கோடுகளுக்குப் பக்கத்தில் அம்புக்குறி நின்றது. அவள் கை வைத்து நிறுத்திய இடம். நான் அதை நகர்த்தவில்லை. டொங்கலைச் சொருகினேன். மூலையில் ஏதோ சுற்றியது, நின்றது. போய்விட்டது.

உடனே மணி அடித்தது. திரையில் பச்சைப் போன் படம். போனில் பச்சையை அமுக்கினால் பேசலாம் என்பது எனக்குத் தெரியும். அமுக்கிவிட்டேன். ஒரு பெண்பிள்ளையின் முகம் வந்தது. கழுத்தில் ஆபீஸ் அட்டை.

"அக்கா! எவ்வளவு நாளா மெசேஜ் போடுறேன்... ஐயோ, சாரி. நீங்க யாரு?"

"அம்மா."

"அக்காட அம்மாவா! புக் இப்பதான் வந்திச்சு. அக்கா இல்லையா?"

"இல்லம்மா."

"எத்தன மணிக்கு வருவாங்க?"

"வரமாட்டா" என்றேன். கையை எடுத்துக் கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பிள்ளை என் வெறும் நெற்றியையும் எண்ணெய் வைக்காமல் வாராமல் விட்ட தலையையும் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் அழுவது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள், என்ன நோய், எவ்வளவு காலமாக என்று. சொன்னேன். எங்களுக்குத் தெரியாதே, ஒருநாள்கூடச் சொல்லவில்லையே என்றாள்.

"சொன்னா வேல குடுக்க மாட்டீங்கன்னு இருந்தா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பின்னால தேயிலைதானே தெரியுது. வீடு இல்லையா அது? இவ்வளவு நாளும் வேலய யாரு இங்க கொண்டுவந்து அனுப்பினது?"

"நான்தாம்மா."

நான் என் வாழ்க்கையில் ஆபீஸ் ஆட்களிடம் எதுவும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அந்தப் புத்தகத்துல அவ பேரு இருக்குமா?"

அந்தப் பிள்ளை வேறு பக்கம் பார்த்தாள். "பக்கம் அமைக்கிறவங்கட பேரு போடுற வழக்கம் இல்லம்மா. நான் எங்க பெரிய சேர்ட்ட கேட்டுப் பாக்குறேன். ஆனா வழக்கம் இல்ல."

"சரிம்மா. பரவாயில்ல. கோடு நல்லா எடம் விட்டுத்தான் போட்டிருப்பா, பாருங்க."

"பாத்தேன்மா. நல்லாயிருக்கு."

காரியம் எப்போது என்று கேட்டாள். சொன்னேன். நான் வரலாமா என்றாள். வாங்க என்று சொல்லி, வழியும் சொன்னேன். கொழும்பிலிருந்து ஹட்டன் பஸ் எடுக்கணும், ஹட்டன்ல டயகம பஸ். ரோட்டுல கோயிலு வரும், அதத் தாண்டிப் பாலம், பாலத்துல இறங்கணும். செருப்பு வழுக்கும், சப்பாத்துப் போட்டுக்கிட்டு வாங்க. குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்குங்க. பாலத்துலயிருந்து கீழ ரெண்டாவது லயம். யாருகிட்ட வேணும்னாலும் பாப்பா வீடு எதுன்னு கேளுங்க, காட்டுவாங்க.

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எங்கள் காம்பராவை இனியும் பாப்பா வீடு என்று காட்டுவார்களா என்று நினைத்தேன்.